தகன அறை மாதிரியில் நொக்ஸ் குறைகிறது, காபனோரொட்சைட்டு வரவே இல்லை

அறிவியல் நகர் மாணவி, கிளிநொச்சி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு விமானச் சுழலி எஞ்சினின் தகன அறையைக் கான்டெரா என்ற இரசாயனத் தாக்கக் கணிப்பு மென்பொருளில் அமைத்திருக்கிறேன்: எரிதல் தொடங்கும் முதன்மை வலயத்துக்கு, உள்ளே எங்கும் ஒரே கலவை என்று கொள்ளும் நன்கு கலந்த ரியாக்டர் ஒன்று, அதன் பின்னால் குழாய் ரியாக்டர் ஒன்று. முழு உதைப்பில் ஒரு கிலோகிராம் எரிபொருளுக்கு 18.4 கிராம் நைதரசனோரொட்சைட்டு வருகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் எஞ்சின் வெளியேற்றத் தரவுத்தளத்தில் நொக்ஸ், அதாவது நைதரசன் ஒட்சைட்டுகளின் கூட்டு, 28.6 கிராம். 7 சதவீத உதைப்பில் காபனோரொட்சைட்டு 0.2 கிராம் மட்டுமே. தரவுத்தளத்தில் 20 கிராமுக்கு மேல். முதன்மை வலய வெப்பநிலையை 35 கெல்வின் கூட்டினால் நொக்ஸ் பொருந்திவிடுகிறது, ஆனால் அப்படிக் கூட்ட என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

ஓமந்தை:
தங்கச்சி, அந்த 35 கெல்வினை உடனே எடுத்துவிடுங்கள். நைதரசனும் ஒட்சிசனும் சேரும் தாக்கம் வெப்பநிலைக்கு மிகக் கூர்மையாக அசைவதால், 2300 கெல்வினுக்கு அருகில் அவ்வளவு சிறிய மாற்றமே விடையை ஒன்றரை மடங்காக்கும். அந்தப் போர்வையால் எந்தப் பிழையையும் மூடிவிடலாம். உங்கள் பிழை அலகில் இருக்கிறது. தரவுத்தளம் நொக்ஸ் முழுவதையும் நைதரசனீரொட்சைட்டாகக் கருதியே திணிவைத் தருகிறது. நைதரசனீரொட்சைட்டின் மூலக்கூற்றுத் திணிவு 46, உங்கள் நைதரசனோரொட்சைட்டினது 30; 18.4 ஐ 46 ஆல் பெருக்கி 30 ஆல் வகுத்தால் 28.2.

முள்ளியவளை:
பிள்ளை, 28.2 வந்துவிட்டதென்று மகிழ்ந்துவிடாதீர்கள். இரணைமடுவின் கீழ் வயல் செய்கிறவரிடம் சராசரி நீர்மட்டத்தைச் சொன்னால், மேட்டில் பயிர் காய்கிறதா, பள்ளத்தில் அழுகுகிறதா என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். தகன அறையும் அப்படித்தான். எரிபொருள் துளிகள் ஆவியாகி முடியுமுன் ஓரிடம் செறிந்தும் ஓரிடம் ஐதாகவும் இருக்கும். உங்கள் ஒற்றை ரியாக்டருக்கோ சராசரி மட்டுமே தெரியும். காபனோரொட்சைட்டு மறைவதற்கும் அதுவே பாதிக் காரணம். மறுபாதி, சுவரைக் குளிர்விக்கும் காற்றுப்படலம்: குறைந்த உதைப்பில் அமுக்கமும் உள்வரும் காற்றின் வெப்பநிலையும் தாழ்வாக இருக்க, பாதி எரிந்த வாயு அந்தப் படலத்தில் பட்டுக் குளிர்ந்து, மேலே ஒட்சியேறாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. உங்கள் மாதிரியில் சுவரே இல்லை. தரையிறங்கிப் புறப்படும் நியமச் சுற்றில் 7 சதவீத உதைப்பு 26 நிமிடம், முழு உதைப்பு 0.7 நிமிடம் என்பதால், இந்தக் காபனோரொட்சைட்டு எண்ணை ஓரமாக வைத்துவிட முடியாது.

அறிவியல் நகர் மாணவி, கிளிநொச்சி:
இருவருக்கும் நன்றி. முதன்மை வலயத்தை வெவ்வேறு எரிபொருள் செறிவுள்ள ஒன்பது ரியாக்டர்களாகப் பிரித்து, சுவர்ப் படலத்துக்குத் தனியாக ஒன்றைச் சேர்த்து, இரவு முழுவதும் மடிக்கணினியை ஓடவிட்டேன். காபனோரொட்சைட்டு 13 கிராமுக்கு வந்துவிட்டது. ஆனால் முழு உதைப்பில் என் முதன்மை வலயம் எரிபொருள் மிகுந்தது என்பதால், பிரித்ததும் சில ரியாக்டர்கள் மிகச் சூடாக எரியும், எரிபொருள் குறைந்த செறிவுக்கு நகர்ந்து, நொக்ஸ் 31 ஆகிவிட்டது.

முள்ளியவளை:
31 இருக்கட்டும், அதைத் திருத்தப் போகாதீர்கள். செறிவின் பரவலை 7 சதவீத உதைப்பில் மட்டும் பொருத்திவிட்டு, அதே நியமச் சுற்றின் 30, 85 சதவீத உதைப்புகளில் கை வைக்காமல் ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள்.