இரண்டு நாள் 'ஃபார்வர்ட்' என்றால் திங்களா, வெள்ளியா? இன்று இரவே தெரிய வேண்டும்

புதுவரவு (சனி, இரவு 10.40)
வணக்கம். ஊரை விட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. புதன்கிழமை அலுவலகத்தில் எனக்கு முக்கியமான ஒரு சந்திப்பு இருந்தது. அதை இரண்டு நாள் 'ஃபார்வர்ட்' செய்திருப்பதாக நேற்று மாலை மேலாளர் செய்தி அனுப்பினார். உடன் வேலை செய்யும் இருவரைக் கேட்டேன். ஒருவர் திங்கள் என்றார், மற்றவர் வெள்ளி என்றார். இருவருக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான். திங்கள் என்றால் என் கையில் இருப்பது நாளை ஒரு நாள் மட்டும். இந்த வேலை போனால் விசாவும் போய்விடும். காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

குரோய்டன்வாசி
எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. இங்கிலாந்து என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வேலை போனால் மறுநாளே பெட்டி கட்ட வேண்டியதில்லை. நிறுவனம் உள்துறைக்குத் தெரிவிக்கும். அங்கிருந்து கடிதம் வந்த பிறகு பொதுவாக 60 நாள் தருவார்கள், அதற்குள் வேறு ஸ்பான்சரை, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தை, தேடலாம். 2019இல் எனக்கு இதேதான் நடந்தது. ஓர் அறையில் நான்கு பேர் தங்கியிருந்தோம், அடுப்பில் முறை வைத்துச் சமைத்தோம். 52ஆம் நாள்தான் வேலை கிடைத்தது. அதனால் விண்ணப்பங்களை இப்போதே அனுப்பத் தொடங்குங்கள்.

புதுவரவு
அண்ணா, வேலை இன்னும் போகவில்லை. சந்திப்பு எந்த நாள் என்றுதான் கேட்டேன்.

ஸ்காபரோ மாமா
தங்கச்சி, வெள்ளிதான், சந்தேகமே வேண்டாம். வண்டி முன்னுக்குப் போனால் அடுத்த ஊர்தானே வரும்? நாளும் அப்படித்தான். நான் 1989இல் ரொறன்ரோவுக்கு வந்து, இரவில் அலுவலகக் கட்டிடங்களைத் துப்புரவு செய்தேன். ஒரு நாள் மேற்பார்வையாளர் இன்னொருவரின் பெயரைச் சொல்லி, அவருக்காக 'ஃபில் இன்' செய்ய முடியுமா என்று கேட்டார். ஏதோ படிவம் நிரப்பச் சொல்கிறார் என்று நினைத்து, எனக்கு எழுத வராது என்று சொல்லிவிட்டேன். வராதவருடைய இடத்தில் நின்று அந்த வேலையைச் செய்வாயா என்பதுதான் கேள்வி. இரட்டைச் சம்பளம் கைவிட்டுப் போனது. அந்த மாதம் வீட்டுக்குக் காசு அனுப்பவில்லை. அம்மா தொலைபேசியில் ஒன்றுமே கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை
மாமா சொல்வதை நான் ஏற்கவில்லை. திங்கள்தான். தமிழிலேயே பாருங்கள், 'இரண்டு நாள் முன்பு' என்றால் கழிந்த நாள், 'இரண்டு நாள் பின்பு' என்றால் வரும் நாள். புதனுக்கு இரண்டு நாள் முன் என்றால் திங்கள். அதே போல 'புஷ் பேக்' என்றால் பின்னுக்குத் தள்ளுவது, தள்ளிப்போடுவது. பேக் என்ற சொல்லைப் பார்த்துப் பழைய தேதிக்குத் திரும்புகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்காபரோ மாமா
ரீச்சர், 'பின்னோக்கிப் பார்த்தால்' என்று பழைய நாளைத்தானே சொல்கிறோம்? அப்போது முன்னோக்கி என்றால் இனி வரப்போவது. தமிழிலும் இரண்டு விதமாகத்தான் பேசுகிறோம்.

மெல்பர்ன் நர்ஸ்
இந்தச் சின்னச் சொற்களை யாரும் சாதாரணமாக எண்ணாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், மாலை நேர மருந்துகளை நான் 'ஓவர்லுக்' செய்தேன் என்று பணிமாற்றக் குறிப்பில் எழுதினேன். மேற்பார்வை என்பதை அப்படியே மாற்றிப் போட்டுவிட்டேன். மேல் என்றால் ஓவர், பார்வை என்றால் லுக். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கவனிக்காமல் விட்டேன் என்று பொருள். நான் எழுத நினைத்தது 'ஓவர்சீ'. 'லுக் ஓவர்' என்று பிரித்து எழுதியிருந்தால் ஒருமுறை பார்வையிட்டேன் என்றாகியிருக்கும். இரண்டு நாள் விசாரணை நடந்தது. ஒவ்வொரு மாத்திரையையும் எண்ணினார்கள். நோயாளிகளின் அட்டைகளில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்திருந்ததால் தப்பினேன். அன்றிலிருந்து குறிப்பில் 'கொடுத்தேன்', 'சரிபார்த்தேன்' என்ற நேரடிச் சொற்களைத்தான் எழுதுகிறேன்.

குரோய்டன்வாசி
இதற்கெல்லாம் நம் பள்ளிக்கூடம்தான் காரணம். கோடிட்ட இடத்தை நிரப்பு என்று இன், ஆன், அட் மூன்றையும் போட்டுப் பத்து மதிப்பெண் கொடுத்தார்கள். வாக்கியத்தில் அவை என்ன செய்கின்றன என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை
31 ஆண்டு ஆங்கிலம் நடத்தியவள் என்ற முறையில் இதைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு வகுப்பில் 58 பிள்ளைகள். பேச வைக்க ஆசைதான், மணி அடித்துவிடும். நம் மொழியில் 'வீட்டில்', 'பஸ்ஸில்', 'ஜனவரியில்' என்று ஒரே 'இல்' போதும். அவர்களுக்கு மூன்றுக்கும் மூன்று சொல். காரில் போனால் 'இன்', பஸ்ஸில் போனால் 'ஆன்'. இதை விதியாகச் சொல்லித்தர முடியாது, கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். எங்களால் கேட்க வைக்க முடியவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹாரோ தம்பி
நேரத்திலும் கவனம் தேவை, அக்கா. இங்கிலாந்தில் 'ஹாஃப் டென்' என்றால் பத்தரை. என் மச்சான் ஜெர்மனியில் வளர்ந்தவர். அங்கே பாதிப் பத்து என்றால் ஒன்பதரை. அவர் இங்கே வந்த புதிதில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் மழையில் நின்றார்.

லெஸ்டர் அக்கா
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பெண் நாளையும் சாப்பிடாமல் இருக்கப்போகிறாள். தங்கையே, மூன்று விஷயம் சொல். எந்த ஊர்? செய்தியில் இருந்த சொற்கள் அப்படியே என்ன? நாட்காட்டி அழைப்பு மாறியிருக்கிறதா?

புதுவரவு
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்தில் லீட்ஸ். செய்தி இதுதான்: 'ஐ ஹேவ் மூவ்ட் வெட்னஸ்டேஸ் ரிவ்யூ ஃபார்வர்ட் டூ டேஸ். ப்ளீஸ் ஸெண்ட் யுவர் ரிப்போர்ட் பை தென்.' அழைப்பில் இன்னும் புதன் என்றுதான் இருக்கிறது.

லெஸ்டர் அக்கா
'பிரிங் ஃபார்வர்ட்' என்று எழுதியிருந்தால் திங்கள் என்று உறுதியாகச் சொல்லிவிடுவேன். 'புட் பேக்', 'புஷ் பேக்' என்றால் வெள்ளி. 'மூவ் ஃபார்வர்ட்' மட்டும் ஆங்கிலேயர்களையே இரண்டாகப் பிரிக்கிறது. உன்னுடன் வேலை செய்யும் இருவர் மேலும் தப்பில்லை. போரோடிட்ஸ்கி, ராம்ஸ்கார் என்ற இரு ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதே வாக்கியத்தைக் கொடுத்துப் பலரிடம் கேட்டு 2002இல் எழுதியிருக்கிறார்கள். விமான நிலையத்தில் யாரையோ அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்களிடம் வெள்ளி என்ற பதில் அதிகம். தான் நகர்வதாக நினைப்பவருக்கு வெள்ளி, நாள் தன்னை நோக்கி வருவதாக நினைப்பவருக்குத் திங்கள். மாமாவின் வண்டியும் ரீச்சரின் 'முன்பு'வும் இவைதான். ஆகவே நாம் இங்கே ஓட்டுப் போட்டு முடிவு செய்ய முடியாது. எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தையும் கவனி. 'பை தென்' என்றால் அதற்குள். அறிக்கை சந்திப்புக்கு முன்பே அவர் கையில் இருக்க வேண்டும், போகும்போது எடுத்துப்போவதல்ல. 'பை' என்றால் நம் 'க்குள்', 'அன்டில்' என்றால் நம் 'வரை'. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடு தவறியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போதே இதை அனுப்பு: 'ஜஸ்ட் டு செக், இஸ் தி ரிவ்யூ நவ் ஆன் மண்டே ஆர் ஃப்ரைடே?' மன்னிப்புக் கேட்காதே, ஆங்கிலம் புரியவில்லை என்று எழுதாதே. அவர் எழுதியதில்தான் தெளிவில்லை. பதில் வரும்வரை திங்கள் என்றே வைத்து அறிக்கையை முடி. வெள்ளியாக இருந்தால் உனக்கு நான்கு நாள் மிச்சம். முதலில் ஏதாவது சாப்பிடு.

புதுவரவு (ஞாயிறு, மாலை 6.15)
பதில் வந்துவிட்டது. திங்கள், 'ஹாஃப் டென்'. தேதியைப் போடாதது தன் தவறு என்றும் எழுதியிருக்கிறார். மச்சானின் கதை தெரிந்ததால் பத்தரை என்று உடனே புரிந்தது, நன்றி தம்பி. அறிக்கையை அனுப்பிவிட்டேன். அக்கா, மதியம் தயிர் சாதம் சாப்பிட்டேன். நாளைக் காலை 9.20 பஸ்.