19 கல்லு குறைஞ்சு போச்சு, ஒரு காப்பி பேஸ்ட்டால

நமக்கு காரைக்குடி. ஆத்தங்குடில தரைக்கல்லு போடுற ஒரு பட்டறைக்கு பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழில சின்னதா பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். 100 சதுர அடிக்கு 8 இஞ்ச் கல்லுன்னா 225, 10 இஞ்ச்னா 144, இதான் கணக்கு. நாலு வரிதானேன்னு கொட்டேஷன், பில்லு, பட்டறைச் சீட்டுன்னு மூணு இடத்துல காப்பி பேஸ்ட் பண்ணிட்டேன்.

அப்புறம் பட்டறை அண்ணன் நிறைய உடையுதுப்பா வேஸ்டேஜ 5 பர்சன்ட்லேர்ந்து 10 ஆக்குன்னாரு, ரெண்டு இடத்துல மாத்தினேன் பட்டறைச் சீட்டு விட்டுப்போச்சு, அதுல வேற மேல ஏத்தி முழுசாக்காம இன்ட் போட்டு பின்னத்த வெட்டி வச்சிருக்கேன். கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி வீடு, ரெண்டாங்கட்டு 240 சதுர அடி, 10 இஞ்ச் கல்லு. கொட்டேஷன்ல 381. பட்டறைல போட்டது 362. கடைசி வரிசைக்கு வந்துதான் கொத்தனார் போன் பண்றாரு.

19தானே, போட்டுக் கொடுத்துரலாம்னு தோணும். கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் சிமெண்ட்ட கையால ஊத்துற கல்லுங்க அது, அடுத்த கலவைல அதே சிவப்பு வர்றது கஷ்டம். ஆச்சி திட்டக்கூட இல்ல, "ஒரே மாதிரி இருக்கணும்னுதானப்பா கேட்டேன்"னாங்க. அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல.

ராத்திரியே அந்தக் கணக்க ரெண்டு ஃபங்ஷனா, அதாவது பேர் சொல்லி எங்கேருந்தும் கூப்பிடுற ரெண்டு தனித் துண்டா பிரிச்சேன். ஒன்னு சதுர அடியும் சைஸும் வாங்கி எண்ணிக்கை கொடுக்கும், இன்னொன்னு வேஸ்டேஜ் சேர்க்கும், மூணு இடமும் இதுங்களத்தான் கூப்பிடும். தனியா இருந்ததால டெஸ்ட் பண்ணவும் முடிஞ்சுது. 100 கல்லுக்கு 10 பர்சன்ட் போட்டா 110 வரணும்ல, 111 வருது! 100ஐ 1.1ஆல பெருக்கினா பைத்தான்ல 110.00000000000001, மேல ஏத்தினா 111. முழு எண்லயே கணக்கு பண்ற மாதிரி ஒரே வரிய மாத்தினேன், மூணு இடத்துலயும் சரியாயிருச்சு.

---

அண்ணே, எனக்கு நேர் எதிரா நடந்துச்சு. தேவகோட்டைல ஒரு அடகுக்கடைக்கு வட்டிக்குன்னு ஒரே ஃபங்ஷன், எல்லாத்துக்கும் உதவட்டும்னு மாச வட்டியா நாள் கணக்கா, ரசீது அடிக்கணுமா, மெசேஜ் போகணுமான்னு ஆமா இல்லன்னு சொல்ற ட்ரூ ஃபால்ஸா சேத்துக்கிட்டே போனேன். வட்டி எவ்ளோன்னு சும்மா பாக்கப்போய் நகை வச்சவருக்கு மெசேஜ் போயிருச்சு, பாவம் அவரு பதறியடிச்சு கடைக்கே வந்துட்டாரு. இப்ப வட்டி ஃபங்ஷன் தொகைய மட்டும் திருப்பிக் கொடுக்கும், ரசீதும் மெசேஜும் தனித்தனி.