மதர்போர்டே போனாலும் சர்வரை அப்படியே வேறு மெஷினில் எழுப்ப எந்த பேக்கப் மென்பொருள்?

ஸ்பிண்டில்:

வணக்கம். 35 பேர் வேலை செய்யும் அலுவலகம். டவர் சர்வர் ஒன்று: விண்டோஸ் சர்வர் 2019, ஹார்டுவேர் ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்குவது), மொத்த டேட்டா 1.2 டிபி. டொமைன் கன்ட்ரோலர் (எல்லா யூசர்களின் லாகினையும் பார்த்துக்கொள்வது), ஃபைல் ஷேர், எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ், டாலி கணக்கு மென்பொருள் எல்லாமே அதில்தான். பக்கத்தில் ராக்கி லினக்ஸ் 9 போட்ட பெட்டி ஒன்று. அதில் பில்லிங் வெப் ஆப்பும் மரியாடிபி டேட்டாபேஸும். இப்போதைக்கு டாலி ஃபோல்டரும் டேட்டாபேஸ் பேக்கப்பும் மட்டும் ராத்திரி நாஸுக்கு, அதாவது நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கு, போகின்றன.

மதர்போர்டோ ரெய்டு கார்டோ போய்விட்டால், விண்டோஸ் போட்டு, யூசர் உருவாக்கி, பெர்மிஷன் கொடுத்து என்று முதலிலிருந்து தொடங்காமல், வேறு கம்பெனி மெஷினில் அரை நாளுக்குள் எழுப்ப வேண்டும். 8 டிபி நாஸ் இருக்கிறது, பட்ஜெட் குறைவு. எந்த மென்பொருளைப் பார்த்தாலும் "பேர் மெட்டல் ரெக்கவரி உண்டு" என்றுதான் போட்டிருக்கிறது (ஒன்றுமில்லாத மெஷினில் முழு சர்வரையும் மீட்பது). எதை வைத்துத் தேர்வு செய்வது?

ரெய்டு_பத்து:

ரெக்கவரி மீடியாவை, அதாவது மீட்பதற்காக பூட் செய்யும் யூஎஸ்பியை, வைத்துத் தேர்வு செய்யுங்கள். புது மெஷினை அந்த யூஎஸ்பியில் பூட் செய்ததும் மூன்று தெரிய வேண்டும்: ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, நாஸில் உள்ள பேக்கப். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த பேக்கப்பால் பயனில்லை.

விண்டோஸோடு வரும் விண்டோஸ் சர்வர் பேக்கப் இலவசம். ஃபீச்சராகச் சேர்த்து, "பேர் மெட்டல் ரெக்கவரி"யை டிக் செய்தால் பூட்டுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன், விண்டோஸின் அமைப்புகள் அடங்கிய சிஸ்டம் ஸ்டேட் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது. நெட்வொர்க் ஷேரில் எழுதினால் ஒரே ஒரு பிரதிதான் நிற்கும். அடுத்த பேக்கப் அதன் மேலேயே எழுதும். அது பாதியில் நின்றால் பழையதும் போச்சு, புதியதும் இல்லை. மீட்கும் டிஸ்க், உள்ளே டேட்டா எவ்வளவு குறைவாக இருந்தாலும், பழைய டிஸ்க்கின் அளவுக்குக் குறையக் கூடாது. யூஇஎஃப்ஐயில் (புதிய பூட் முறை) ஓடிய சர்வரை பழைய பயாஸ் முறையில் பூட் ஆன மெஷினில் மீட்கவும் விடாது.

உங்கள் தேவைக்கு வீம் பேக்கப் அண்ட் ரெப்ளிகேஷன் கம்யூனிட்டி எடிஷன் பொருந்தும். 10 மெஷின் வரை இலவசம். டொமைனில் சேராத தனி விண்டோஸ் பிசியில் நிறுவி, சர்வரில் அதன் ஏஜென்ட்டை (பேக்கப் எடுக்கும் சிறு நிரல்) போடுங்கள். பேக்கப்பை நாஸ் ஷேரில் வைத்தால், அந்த பிசியே போனாலும் ரெக்கவரி மீடியாவிலிருந்து நேராக ஷேரைத் திறந்து மீட்கலாம்.

மீடியா தயாரிக்கும்போதுதான் பலர் தவறவிடுகிறார்கள். அதை சர்வருக்கான மீடியாவாகவே உருவாக்குங்கள், அந்த மெஷினின் டிரைவர்கள் உள்ளே போகும். அதோடு, மாற்றாக நினைத்திருக்கும் மெஷினின் ரெய்டு, நெட்வொர்க் டிரைவர்களையும் பிரித்த ஃபோல்டராகச் சேருங்கள். செட்அப் ஃபைல் உதவாது, டிரைவரை விவரிக்கும் ஐஎன்எஃப் ஃபைல்கள் வேண்டும். இன்டெல் விஎம்டி (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் வசதி) இயங்கும் புது போர்டுகளில் அதன் டிரைவர் இல்லாமல் அதற்குப் பின்னால் உள்ள ஒரு டிஸ்க்கும் தெரியாது.

மீட்டபின் நீலத் திரையில் "இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று வந்தால் டேட்டா போய்விட்டது என்று பயந்து திரும்ப முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். மீட்ட விண்டோஸுக்குள் புது ரெய்டு கார்டின் டிரைவர் இல்லை, அவ்வளவுதான். மீடியாவிலேயே கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, விண்டோஸின் டிஸ்ம் கருவியால் அந்த டிரைவரை ஆஃப்லைனில் புகுத்தினால் பெரும்பாலும் பூட் ஆகிவிடும்.

லாக்_செயின்:

மேலே சொன்னது மெஷின் எழும்புவதற்கு. உள்ளே இருப்பவையும் சரியாக எழ வேண்டும்.

எஸ்க்யூஎல்: இரவு 10 மணிக்கு இமேஜ் (முழு டிஸ்க்கின் பிரதி) எடுத்து, மறுநாள் மாலை 5-க்கு கார்டு போனால் ஒரு நாள் என்ட்ரி போய்விடும். டேட்டாபேஸை ஃபுல் ரெக்கவரி மாடலில் வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் (மாற்றங்களின் பதிவு) பேக்கப் எடுங்கள். நீங்களே லாக் எடுப்பதானால் இமேஜ் ஜாபில் எஸ்க்யூஎல் பகுதியை "காப்பி ஒன்லி" ஆக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் லாக்கை வெட்டும், உங்கள் தொடர் அறுந்துவிடும்; மீட்கும் நாளில்தான் அது தெரிய வரும்.

டாலிக்கு எஸ்க்யூஎல் போல விஎஸ்எஸ் ரைட்டர் (பேக்கப் நேரத்தில் டேட்டாவை நிலையாக வைக்கும் விண்டோஸ் வசதி) கிடையாது. ஆட்கள் உள்ளே இருக்கும்போது எடுத்த இமேஜ், ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கியது மாதிரிதான். எல்லாரும் வெளியேறியபின் ஜாபை ஓட்டுங்கள், டாலியின் சொந்த பேக்கப்பையும் நிறுத்தாதீர்கள். உரிமம் இயந்திரத்தோடு கட்டப்பட்டது, புது போர்டில் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். பதிவு செய்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அந்த சர்வருக்குள் மட்டும் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

டொமைன் கன்ட்ரோலர் ஒன்றே ஒன்று என்பதால் இமேஜிலிருந்து மீட்பது சரி. பின்னால் இரண்டாவது ஒன்று வைத்தால், செத்ததை மீட்காமல் புதிதாக நிறுவி சேர்ப்பதே சுத்தமான வழி. டோம்ப்ஸ்டோன் காலம் (நீக்கியவற்றின் தடயத்தை டொமைன் வைத்திருக்கும் காலம்) வழக்கமாக 180 நாள். அதைவிடப் பழைய இமேஜை டொமைனுக்கு நம்பாதீர்கள். டிஎஸ்ஆர்எம் (டொமைன் கன்ட்ரோலரின் மீட்பு முறை) கடவுச்சொல் யாருக்காவது தெரியுமா என்று இன்றே பாருங்கள்.

ஸ்பிண்டில்:

மிக்க நன்றி. டிஎஸ்ஆர்எம் கடவுச்சொல் எங்கும் குறித்து வைக்கப்படவில்லை, மாற்றிவிடுகிறேன். லினக்ஸ் பெட்டிக்கும் அதே ஏஜென்ட் போடலாமா? இன்னொன்று, நாஸ் இப்போது டொமைனில்தான் சேர்ந்திருக்கிறது, சர்வரில் இசட் டிரைவாக மேப் ஆகியிருக்கிறது.

வேர்_பயனர்:

போடலாம், லினக்ஸுக்கும் ஏஜென்ட் உண்டு. ஒரே பெட்டிதான் என்றால் ரிலாக்ஸ் அண்ட் ரெக்கவர், சுருக்கமாக ரியர், போதும். கட்டற்ற மென்பொருள். கான்ஃபிக் ஃபைலில் மூன்று வரி: அவுட்புட் ஐஎஸ்ஓ, பேக்கப் முறை நெட்எஃப்எஸ், நாஸின் என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஷேர்) பாதை. ஓட்டினால் பூட் ஆகும் ஐஎஸ்ஓவும் ஃபைல்களின் டார் காப்பகமும் நாஸில் போய் உட்காரும். எல்விஎம், பார்ட்டிஷன் அமைப்பை அதுவே குறித்துக்கொள்ளும். டிஸ்க் அளவு மாறினால் மைக்ரேஷன் முறைக்குப் போய் எது எதற்கு என்று கேட்கும்.

ரியர் ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தின் உறைந்த பிரதி) எடுப்பதில்லை, ஓடும் ஃபைலையே டாரில் போடுகிறது. அதனால் மரியாடிபி டம்ப்பை (டேட்டாபேஸின் ஏற்றுமதி ஃபைல்) அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். புதிது பழையதன் மேல் எழுதும். பழைய பிரதியை வைத்திருக்கும் ஆப்ஷனை இயக்கினாலும் ஒன்றைத்தான் வைத்திருக்கும். நாஸ் பக்கம் ஸ்னாப்ஷாட் போடுவது நல்லது.

புது மெஷினில் டிராகட் எமர்ஜென்சி ஷெல்லில் நின்றால், இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு அமைப்பு) புது கன்ட்ரோலரின் மாட்யூல் இல்லை என்று அர்த்தம். ரெக்கவரி ஐஎஸ்ஓவில் பூட் செய்து, மீட்ட சிஸ்டத்துக்குள் சி-எச்ரூட் போய், ஹோஸ்ட்-ஒன்லி (இந்த மெஷினுக்கு மட்டும்) இல்லாமல், அந்த அமைப்பை உருவாக்கும் டிராகட்டை மறுபடி ஓட்டுங்கள். நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறியிருக்கும்.

நாஸ்_காவலன்:

அந்த இசட் டிரைவை முதலில் எடுங்கள். ரேன்சம்வேர் உள்ளே வந்தால் சர்வரோடு பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டும். நாஸை டொமைனிலிருந்து விலக்கி, பேக்கப் மென்பொருளுக்கு மட்டும் தெரிந்த லோக்கல் யூசரை வையுங்கள். 4 டிபி யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி வாரம் மாற்றி மாற்றிச் செருகுங்கள். ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும்.

நேரக் கணக்கு: ஒரு கிகாபிட் லைனில் நொடிக்கு சுமார் 110 எம்பி வரும். 1.2 டிபி மீட்க எல்லாம் சரியாக நடந்தால் 3 மணி நேரம், ரெய்டு அமைக்கவும் டிரைவருக்கும் இன்னொரு மணி. அரை நாளில் அடங்கும். சுவிட்ச்சில் போர்ட் 100 மெகாபிட்டில் நின்றால் அதே வேலை ஒரு நாளுக்கு மேல் இழுக்கும்.

மென்பொருளை முடிவு செய்யும் முன் ஒரு பழைய பிசியில் முழுதாக மீட்டுப் பாருங்கள், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை. மீட்பு முடிந்து "ரீபூட்" என்று கேட்கும்போது நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு அப்புறம்தான் ரீபூட் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே பெயர், ஒரே ஐபியில் இரண்டு டொமைன் கன்ட்ரோலர் லேனில் நிற்கும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரே குழம்பும்.

உண்மையாகவே மாற்றும் நாளில், எழும்பியதும் ஐபியைப் பாருங்கள். ஸ்டேட்டிக் ஐபி பழைய கார்டோடு ஒட்டியிருக்கும், புதியது டிஹெச்சிபியில் (தானாக ஐபி பெறும் முறை) நிற்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, பழைய கார்டை நீக்கிவிட்டு, புதியதற்கு அதே ஐபியைக் கொடுங்கள். டிஎன்எஸ் முகவரி அதே சர்வரையே காட்ட வேண்டும். அதற்குப் பிறகு யூசர்களை லாகின் செய்ய விடுங்கள்.