குன்னூர் பக்கம் மேஜர் சர்வீஸுக்கு நம்பி விடற மெக்கானிக் யாராவது? அவசரம்

தேயிலைத்தூசி:
கார் மேஜர் சர்வீஸ் விடணும். ஷோரூம்ல சொன்ன ரேட்டைக் கேட்டு தலை சுத்திருச்சு. வெளிய ஒருத்தர் 28,000 சொல்றார். நியாயமா? வெள்ளிக்கிழமை குடும்பத்தோட கீழ போகணும்.

கேத்திப்பையன்:
என்ன வண்டிங்ணா? பெட்ரோலா டீசலா?

ஸ்பேனர்சாமி:
வண்டி பேர் இல்ல, வருஷம் இல்ல, கிலோமீட்டர் இல்ல. நாங்க என்ன ஜோசியமா பாக்கறோம்? மாசம் ஒருத்தர் இப்படியே வர்றீங்க.

பர்லியார்பாலா:
எந்த வண்டியோ, முதல்ல கிளட்சைப் பாருங்க. ஏத்தத்துல பாதி கிளட்ச்லயே நிறுத்தி நிறுத்தி ஓட்டறவங்களுக்கு பிளேட் சீக்கிரம் தேயும். ஆக்சிலேட்டர் மிதிச்சா சத்தம் ஏறுது, வேகம் ஏறலேன்னா முடிஞ்சது.

கேத்திப்பையன்:
உங்களுக்கு எல்லாமே கிளட்ச்தான் :) கீழ இறங்கறவருக்கு பிரேக் ஆயில் முக்கியம். அது ஈரம் இழுக்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினா 155 வரைகூட இறங்கிரும். கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும்.

மலைக்காத்து:
மேட்டுப்பாளையத்துல விடுங்க, லேபர் கம்மி. இறங்கறப்ப நியூட்ரல்ல விட்டா டீசலும் மிச்சம்.

ஸ்பேனர்சாமி:
நியூட்ரலா! யாருப்பா லைசன்ஸ் குடுத்தது? ஏறின கியர்லயே இறங்கணும்.

மலைக்காத்து:
எங்கப்பா முப்பது வருஷமா அப்படித்தான் ஓட்டறார்.

ஸ்பேனர்சாமி:
அது உங்கப்பா அதிர்ஷ்டம். கியர்ல, கால் எடுத்துட்டு இறங்கினா இப்ப வர்ற இன்ஜின் டீசலை அடியோட நிறுத்திரும். நியூட்ரல்ல ஐட்லிங்குக்குக் குடிச்சுட்டே இருக்கும். மிச்சமும் இல்ல, பிரேக்கும் கருகும். பர்லியார்ல நிக்கற டூரிஸ்ட் வண்டிகளை மோந்து பாருங்க.

தேயிலைத்தூசி:
சாரி, வேலையில இருந்தேன். ஸ்விஃப்ட் டீசல், 2013, 1,10,000 ஓடிருக்கு. ஆயில், ஃபில்டர் எல்லாம், கூலன்ட், முன் பிரேக் பேட், டைமிங் பெல்ட் செட். பெல்ட்டுக்கு மட்டும் 9,500.

கேத்திப்பையன்:
அண்ணா, அந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட்டே கிடையாது! செயின்.

பர்லியார்பாலா:
ஃபேன் பெல்ட்டைச் சொல்லிருப்பாரோ?

ஸ்பேனர்சாமி:
ஃபேன் பெல்ட்டுக்கு 9,500-ஆ? இதை முதல் பதிவுலயே எழுதிருந்தா ஒரு வரியில முடிஞ்சிருக்கும். யார்கிட்ட விட்டாலும் கழட்டின பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்க. முகம் சுளிக்காம எடுத்துக் குடுக்கறவர்கிட்ட விடலாம்.

மலைக்காத்து:
ஆட்டோமேட்டிக் வண்டியில எந்த கியர்ல இறங்கறதாம்?

ஸ்பேனர்சாமி:
அதுலயும் பலதுல 'எல்'னு சின்ன கியர் இருக்கு தம்பி. வண்டியோட குடுத்த புக்கைப் புரட்டுங்க.

தேயிலைத்தூசி:
பெல்ட்டைப் பத்தி அந்த மெக்கானிக்கிட்ட கேட்டேன். "பில்லுல தப்பா எழுதிட்டேன்"னார். வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். அருவங்காடு பக்கம் வேற ஒருத்தர்கிட்ட விட்டிருக்கேன், பிரேக் ஆயிலும் மாத்தச் சொல்லிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

பர்லியார்பாலா:
கிளட்ச் பாத்தாங்களா?

கேத்திப்பையன்:
அண்ணா, அருவங்காட்டுல யாரு? எவ்வளவு ஆச்சு? எனக்கும் அடுத்த மாசம் சர்வீஸ்.

கேத்திப்பையன்:
அண்ணா?