கொடைக்கானலில் ஞாயிறன்று நாய்க்கடி ஊசி கிடைக்குமா?

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு உதவி. சென்னையிலிருந்து வந்திருக்கும் அண்ணன் மகனை நேற்று கன்னியாகுமரி கடற்கரையில் தெருநாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்து, ரத்தம் குதிகால் வரை வடிந்திருந்தது. மயினி மஞ்சள் வைக்கப் போனார். தடுத்துவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். அப்புறம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் முதல் ஊசியும், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசியும் போட்டார்கள்.

இனி 3, 7, 28ஆம் நாட்களில் போட வேண்டும். மூன்றாம் நாள் ஞாயிறு. அன்று அண்ணன் குடும்பத்தினர் கொடைக்கானலில் இருப்பார்கள். அங்கே அரசு மருத்துவமனையில் ஞாயிறன்று இந்த ஊசி போடுவார்களா? இங்கே கொடுத்த சீட்டு மட்டும் போதுமா? வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை, அதனால் ஒரு ஊசியையும் தவறவிட மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிடைக்காது என்றால் பயணத்தையே தள்ளிப்போடுகிறோம்.