புதுப்பிப்பு: ராஸ்பெர்ரி பை 4-இல் வீடியோ தத்தித் தத்திப் பதிவானது சரியாகிவிட்டது

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் யூஎஸ்பி வெப்கேம் மாட்டி 720பி பதிவு செய்தால் படம் விட்டுவிட்டு வருகிறது, கையை அசைத்தால் இங்கிருந்து அங்கே தாவுகிறது என்று கேட்டிருந்தேன். பலரும் மெமரி கார்டைச் சந்தேகித்தீர்கள். வேகமான கார்டு போட்டும் அதே கதைதான்.

சிக்கல் கேமரா அனுப்பும் வடிவத்தில் இருந்தது. ஒய்யூஒய்வி என்ற சுருக்காத வடிவத்தில் 1280×720 ஃபிரேம் (ஒரு நிலைப்படம்) ஒன்றே சுமார் 1.8 எம்பி. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 55 எம்பி. யூஎஸ்பி 2.0 நடைமுறையில் அவ்வளவு தாங்காது, அதனால் கேமராவே 10 ஃபிரேமுக்கு இறங்கிவிடுகிறது. வீடியோவைப் பதிவு செய்யும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் கட்டளையில், உள்ளீட்டு வடிவம் எம்ஜேபெக் (ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்பும் வடிவம்) என்று கொடுத்ததும் 30 வந்தது. இதைக் கட்டளையில் கேமராவின் பெயருக்கு முன்னால் கொடுக்க வேண்டும். பின்னால் போட்டால் அது உள்ளீட்டுக்குப் பொருந்தாது.

அப்போதும் பையின் செயலியில் நான்கு கோர்களும் மூச்சுத் திணறின. வீடியோவைச் செயலியை வைத்தே சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளை விட்டு, அதே வேலைக்கென போர்டிலேயே இருக்கும் எச்.264 ஹார்டுவேர் என்கோடருக்கு மாற்றினேன். இப்போது படம் வழுக்கிக்கொண்டு போகிறது. பை 5-இல் அந்த என்கோடர் கிடையாது. அங்கே எக்ஸ்264-ஐயே அல்ட்ராஃபாஸ்ட் என்ற மிக வேகமான ப்ரீசெட்டில் (முன்னமைப்பில்) ஓட்டிப் பாருங்கள்.

கேமரா தரும் வடிவங்களை முதலில் பட்டியலிடச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி!