கிட் (Git) கற்றுக்கொடுக்க நல்ல பாடம் தெரிந்தால் சொல்லுங்களேன்

வணக்கம் எல்லாருக்கும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சில பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தருகிறோம். பிள்ளைகள் பெரும்பாலும் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவர்கள். பைத்தான் ஓரளவு வந்துவிட்டது, அடுத்து கிட், அதாவது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள். அங்கேதான் இடிக்கிறது.

யூடியூபில் தமிழ்ப் பாடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பழையவை ஆளைக் குழப்புகின்றன. நிரலை இணையத்தில் சேமிக்கும் கிட்ஹப் தளத்துக்கு புஷ் செய்யும்போது (அனுப்பும்போது) கடவுச்சொல்லை அடி என்கிறார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து அது செல்லாது, டோக்கனோ (தளத்தில் உருவாக்கிக்கொள்ளும் ரகசியக் குறியீடு) எஸ்எஸ்எச் சாவியோ (நம் கணினியில் உருவாக்கி வைக்கும் சாவிக் கோப்பு) வேண்டும். சொன்னபடியே செய்த பிள்ளை, 'ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்று வந்ததும் தன் மேல்தான் தப்பு என்று முழிக்கிறது. கிளை (நிரலைத் தனியாக வளர்த்துப் பார்க்கும் பாதை) மாற்றவும் செக்அவுட் கட்டளை, கோப்பை மீட்கவும் அதே செக்அவுட் என்று சொல்லித்தருவதும் இதே கதைதான். 2019இல் வந்த ஸ்விட்ச், ரீஸ்டோர் கட்டளைகளில் தொடங்கினால் பாதித் தலைவலி போய்விடும் என்பது என் கட்சி.

கிட்டின் சொந்தத் தளத்திலேயே இலவசப் புத்தகம் இருப்பது தெரியும். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் கையில் முதல் நாளே அதைக் கொடுக்க முடியாது. தமிழிலோ மலாயிலோ, சின்னச் சின்னப் பயிற்சியோடு இருந்தால் தேவலை. முக்கியமாக மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்: ஒரே வரியை இருவர் மாற்றி, கோப்புக்குள் அந்த அம்புக்குறி வரிசை முளைத்ததும் என்ன செய்வது என்று நிதானமாகக் காட்டும் பாடம் யாரிடமாவது இருக்கிறதா?

கட்டணப் பாடம் வேண்டாம். நீங்கள் எதை வைத்துப் படித்தீர்கள் என்று சொன்னாலும் சரி. அப்புறம், கேஎல்லில் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது ஒரு சனிக்கிழமை நேரில் வந்தால் தே தாரிக் எங்கள் செலவு.